கீழ்ப்பாதி

"மூணாவது தடவையும் எங் கட்டுரையைத் திருப்பி அனுப்பிட்டீங்க. எம் மேல உங்களுக்கு என்ன கோவம்?"

தங்கப்பழம் நின்றுகொண்டே கேட்டார். உட்காரச் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

உலகம்மாள் அச்சுக்குப் போகிற தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

மலையடிவாரத்து ஆசிரமத்தில் அவர்தான் குரு. நாற்பத்து நான்கு வயது. முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். ஆசிரமத்திலிருந்து மாதம் ஒரு வைத்தியப் பத்திரிகை வரும். பதினாறே பக்கம். ஆனால் அதில் வந்துவிட்டது என்றால் சுற்று வட்டாரத்தில் மறுபேச்சு கிடையாது. இன்றைக்கு வாசித்ததை நாளைக் காலையில் அடுப்பில் ஏற்றிவிடுவார்கள்.

சீடர் தங்கப்பழத்துக்கு வயது அறுபத்தொன்று. மில்லில் நூல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். வயதுக்கு மரியாதை கொடுத்துக் குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவை அம்மா என்பார்.

"கோவம் இல்லை அண்ணாச்சி."

"பின்ன என்ன? மொத மாசம் தாள் நடுவுல ஒரு கோடு போட்டு அனுப்புனீங்க. நீளமா இருக்குன்னு சொல்லுதீங்க போலன்னு, எல்லாத்தையும் குறைச்சு, கோட்டுக்கு மேலயே நெருக்கி எழுதுனேன். அதையும் திருப்பிட்டீங்க."

"ஆமா."

"சரி, கீழ காலியா இருக்கக் கூடாதாக்கும்னு, குணமானவங்க பேரா எழுதிக் கீழ்ப்பாதியை ரொப்புனேன். இப்ப அத்தன பேரையும் அடிச்சு அனுப்பியிருக்கீங்க."

"அடிக்கலை. மேல ஏத்தச் சொல்லி அம்புக்குறி போட்டிருக்கேன்."

"மேல எடம் ஏது?"

"அது உங்க பாடு. கீழ்ப்பாதி எனக்குக் காலியா வேணும்."

தங்கப்பழம் பல்லைக் கடித்தார்.

அவர் மஞ்சள் காமாலைக்கு இலை கொடுப்பவர். கட்டுரையும் அதைப் பற்றித்தான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வீட்டு வாசலில் அரைத்து வைத்துக்கொண்டு உட்காருவார். ஏழு உருண்டை. ஏழு நாள். உப்பு ஆகாது. ஒரு பைசா வாங்க மாட்டார்.

எந்த இலை என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்கே யாராவது அரைப்பார்கள்.

குணமானவர்கள் திரும்பி வந்து அவர் தெருமுனைப் பிள்ளையார் முன்னால் ஒரு சிதறுகாய் உடைப்பார்கள். பிறகு அவருடைய நோட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். எழுதத் தெரியாதவர்கள் பெருவிரலை அழுத்துவார்கள். அதுதான் வழக்கம்.

அந்த நோட்டை இடுப்பிலிருந்து எடுத்து மேசையில் போட்டார்.

"அறுபத்து மூணு பேரு. எண்ணிக்கோங்க. நாயன்மார் மாதிரி அறுபத்து மூணு பேரு. இதுக்கு மேல உங்களுக்கு என்ன சாட்சி வேணும்?"

உலகம்மாள் நோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கேலி பண்ணுதீங்க."

"நாயன்மார்னு சொல்லிட்டீங்க. கும்பிட வேண்டாமா? சரி, காய் உடைக்க வராதவங்க யாரு?"

தங்கப்பழம் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை. மில்லில் அவரை 'லே' என்று கூப்பிட்ட மேஸ்திரி செத்து இருபது வருசம் ஆகிறது. அவரோடு இன்னும் பேச்சுவார்த்தை கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், "எழுதப் படிக்கத் தெரியுமாய்யா?" என்று அவரைக் கேட்டார். பன்னிரண்டு வருசமாக அவர் அந்த வாசலை மிதிக்கவில்லை.

வந்தவர் பெயர் நோட்டில் இருந்தது. வராதவர் பெயர் மனப்பாடமாக இருந்தது.

விரல் மடக்கிச் சொன்னார். "டீக்கடை சப்பாணிமுத்து. அவன் தம்பி பொண்டாட்டி. கண்டக்டர் ஒருத்தன், செவப்பா இருப்பான். வாத்தியார் வீட்டு ரெண்டு பிள்ளைகள்." இப்படி இருபத்தெட்டு பேரைச் சொன்னார். கடைசியில் ஒரு பெயர். "தையக்காரர் பொண்டாட்டி ஆவுடைத்தங்கம். புருசனுக்கு இலை வாங்கிட்டுப் போனவ. அஞ்சு வருசம் ஆச்சு. காய்தான் உடைக்கலை, போகட்டும். போன ஆவணியில ஒரு கல்யாண வீட்டுல என்னையப் பாத்துட்டு மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறா!"

"ஏனாம்?"

"கொழுப்பு."

"கேட்டீங்களா?"

"நான் எதுக்குக் கேக்கணும்? நான் என்ன அவ வீட்டுக் காய்க்கா அலையுதேன்?" குரல் ஏறிவிட்டது. "வராத நன்றிகெட்டதுகள விடுங்கம்மா. இந்த நிமிசம்கூட ஒரு பிள்ளை எம் மருந்தைத் தின்னுக்கிட்டு இருக்கு. நாலு மாசக் கர்ப்பம். இன்னிக்கு ஆறாவது உருண்டை. நாளைக்கு ஏழு. அடுத்த வாரம் அறுபத்து நாலாவது பேரு!"

உலகம்மாளின் கை நின்றது.

"எந்த ஊரு?"

"ஏன்?"

"யார் வீட்டுப் பிள்ளை அண்ணாச்சி?"

"சொல்ல மாட்டேன். சொன்னா ஆம்புலன்ஸை அனுப்பிருவீங்க. வைத்தியம் என்னோடது, பேரு ஆஸ்பத்திரிக்காரங்களுக்கா?"

"வாந்தி எடுக்குதா?"

"எடுக்கு."

"தூங்கிக்கிட்டே இருக்கா?"

"ஆமா. தூக்கம் வந்தா மருந்து புடிச்சிருச்சுன்னு அர்த்தம்."

உலகம்மாள் எழுந்தார். கதவு வரை போனார். திரும்பி வந்தார்.

கத்தியிருக்கலாம். கத்தினால் இவர் வாயைத் திறக்க மாட்டார். செத்த மேஸ்திரியோடு இருபது வருசம் பேசாதவர்.

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று.

"அண்ணாச்சி, நாலு மணிக்கு அச்சுக்காரர் வருவார். மொதப் பக்கம் காலியா இருக்கு. உங்களுக்குத் தாரேன்."

"மொதப் பக்கமா?"

"மேல உங்க பேரு. கொட்டை எழுத்துல."

தங்கப்பழம் முதல்முறையாக நாற்காலியைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு. ஆவுடைத்தங்கம் வீட்டுக்கு இப்பவே போகணும். ஏன் காய் உடைக்க வரலைன்னு கேக்கணும். சண்டை போடக் கூடாது. அவ சொல்லுததை அவ வார்த்தையிலயே எழுதிட்டு வரணும். அது கீழ்ப்பாதி."

"அவ திமிரையா மொதப் பக்கத்துல போடப் போறீங்க?"

"திமிரா இருந்தா திமிரைப் போடுதேன்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஐந்து வருசமாகத் தயாராக இருந்த கேள்வி.

அவர் தலை மறைந்ததும் உலகம்மாள் போனை எடுத்தார். சுற்று வட்டாரத்துக் கிராம நர்ஸுகள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "நாலு மாசக் கர்ப்பிணி. காமாலை. வீட்டுலேயே வச்சிருக்காங்க. எந்தத் தெருன்னு தெரியாது. தேடுங்க."

---

பஸ்ஸில் நாற்பது நிமிசம்.

வெளியிலேயே தையல் மெஷின் சத்தம் கேட்டது. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"ஆவுடைத்தங்கம்."

மெஷின் நின்றது.

"கல்யாண வீட்டுல என்னையப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போன?"

"ஆமா அண்ணாச்சி."

"ஏன்? எலை வாங்குதப்ப கையெடுத்துக் கும்பிட்டியே. குணமானதும் ஒரு காய் உடைக்க உனக்கு..."

அப்போதுதான் அவர் சுவரைப் பார்த்தார். தையல்காரர் பிச்சையாவின் படம். சந்தன மாலை. கீழே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு.

கல்யாண வீட்டில் அவர் அவள் முதுகை மட்டும்தான் பார்த்திருந்தார்; பொட்டில்லாத நெற்றியைப் பார்க்கவில்லை.

"எப்ப?" என்றார்.

"நீங்க எலை குடுத்த பன்னெண்டாம் நாள்."

செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். பேனாவும் தாளும் சட்டைப்பையில் இருந்தன. எடுக்கவில்லை.

"எனக்குச் சொல்லி விடலையே."

"என்னன்னு சொல்லி விட? தப்பு பூராவும் எம் மேல இருக்கு."

அவள் எழுந்து வாசல் கதவைச் சாத்தினாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போலப் பேசினாள்.

"நாலாம் நாள் கஞ்சி எறங்கலைன்னுட்டாவ. ஒரு கல்லு உப்பு போடு, ஒரே ஒரு கல்லு, நாக்கு செத்துப்போச்சுன்னு கெஞ்சுனாவ. போட்டுட்டேன். நீங்க அம்புட்டுச் சொல்லியும் போட்டுட்டேன். உப்பு பட்டா மருந்து விஷமாயிரும்னு சொன்னீங்கள்லா? ஆயிருச்சு. யார்கிட்டயும் நான் சொல்லலை. அவுக தங்கச்சிகிட்டகூடச் சொல்லலை. நான்தான் கொன்னேன். அந்த மொகத்தை வச்சுக்கிட்டு உங்களை எப்படிப் பாக்க?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"அந்த ஒரு கல்லு உப்புதானா அண்ணாச்சி? நீங்க சொன்னா எனக்கு ஒரு முடிவு தெரிஞ்சுரும்."

ஆமாம் என்று ஒரு சொல் போதும். இதற்கு முன்னால் எத்தனையோ பேரிடம் சொன்ன சொல்தான். பத்தியம் தப்பியிருப்பீங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க. புளி பட்டிருக்கும். எண்ணெய் பட்டிருக்கும். அவர்களும் யோசித்துப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள்.

அவர் வாயைத் திறந்தார்.

"என்னிக்குத் தூங்க ஆரம்பிச்சாரு?"

"ஆறாம் நாளு. எழுப்பி எழுப்பிப் பாத்தேன். தூங்குனா நல்லதுன்னு நீங்க சொன்னதால விட்டுட்டேன். ஒம்பதாம் நாள் ஆளு அடையாளம் தெரியலை. என்னையவே யாருன்னு கேட்டாவ. அப்புறந்தான் ஆஸ்பத்திரி."

தங்கப்பழம் எழுந்துவிட்டார்.

"அண்ணாச்சி, உப்பு...?"

"வந்து சொல்லுதேன்."

குடையை அங்கேயே விட்டுவிட்டார்.

---

தெருவில் நின்று போன் போட்டார். அவசரத்தில் இரண்டு தடவை நம்பர் தப்பியது. மூன்றாவது தடவை கருத்தப்பாண்டி எடுத்தான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். இலை தின்றுகொண்டிருந்த கர்ப்பிணிப் பிள்ளை மாரிச்செல்வியின் அப்பா.

"பிள்ளை எந்திரிச்சுச்சா?"

"அசந்து தூங்குது அண்ணாச்சி. மருந்து நல்லாப் புடிச்சிருச்சு."

அவர் சொல்லிக்கொடுத்த வார்த்தை அப்படியே திரும்பி வந்தது.

"எழுப்பு."

"பாவம், தூங்கட்டும்..."

"எழுப்புலே!"

போனில் அவன் கூப்பிடுவது கேட்டது. செல்வி. ஏ, செல்வி. பிறகு அவன் மனைவி கூப்பிடுவது கேட்டது. பிறகு இரண்டு பேரும் கூப்பிடுவது கேட்டது.

"அண்ணாச்சி, கண்ணைத் தொறக்கா. ஆனா என்னமோ மாதிரிப் பாக்கா."

"தூக்கி வண்டியில போடு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ."

"நீங்களா சொல்லுதீங்க? ஏழாவது உருண்டை?"

"தூரப் போடு. போலே!"

அடுத்து உலகம்மாளுக்குப் போட்டார். "கருத்தப்பாண்டி மக மாரிச்செல்வி. கீழத்தெரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லி வையிங்க." பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் அவர் இறங்கியபோது லோடு ஆட்டோ காலியாக நின்றது. உள்ளே கொண்டு போய்விட்டார்கள்.

பன்னிரண்டு வருசம் மிதிக்காத வாசல். ஒரு கணம் நின்றார். பிறகு போனார்.

டாக்டர் இளம் பெண். பிள்ளையின் கண் இமையை விலக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இத்தனை நாள் என்ன பண்ணுனீங்க?"

கருத்தப்பாண்டி தங்கப்பழத்தைப் பார்த்தான். சொல்ல மாட்டான். இலைக்காரரைக் காட்டிக்கொடுக்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது.

"எலை குடுத்தேன்," என்றார் தங்கப்பழம். "நான்தான்."

"என்ன இலை? எவ்வளவு?"

எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டவில்லை. வேகமாக எழுதிக்கொண்டாள். திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். மனசில் வைத்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் டாக்டர் பின்னாலேயே ஓடினார்.

"தாயி, ஒரு கேள்வி. காமாலைக்காரன் கஞ்சியில ஒரு கல்லு உப்பு விழுந்தா செத்துப்போவானா?"

"யாரு செத்தது?"

"அஞ்சு வருசத்துக்கு முந்தி ஒருத்தர்."

"நான் பார்க்காத ஆளு எதனால செத்தார்னு நான் சொல்லக் கூடாது பெரியவரே. ஆனா ஒரு கல்லு உப்பால யாரும் சாக மாட்டாங்க. இதை நான் சொன்னேன்னு சொல்லிக்கோங்க."

"உங்க பேரு?"

சொன்னாள். தாளை எடுத்து எழுதிக்கொண்டார். தேதியும் போட்டார்.

மணி நாலரை ஆகியிருந்தது.

அந்த மாதப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு கோடு மட்டும் இருந்தது. அச்சுக் கோளாறு என்று நினைத்து நாலைந்து பேர் வேறு பிரதி கேட்டு எழுதினார்கள்.

---

மறுநாள் ஆவுடைத்தங்கத்திடம் போனார்.

டாக்டர் சொன்னதை டாக்டர் பெயரோடு வாசித்தார். பிச்சையா எதனால் செத்தார் என்று தான் சொல்லக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும் சேர்த்து வாசித்தார். தன் பங்குக்கு ஒன்று சொன்னார்.

"தூக்கம் நல்லதுன்னு சொன்னது நான். உப்பு விஷமாயிரும்னு சொன்னதும் நான். ரெண்டும் எனக்கு யாரும் சொல்லித் தரலை. நானாச் சொன்னது."

அவர் அடியோ திட்டோ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அவள் உள்ளே போய் இரண்டு கும்பாவில் கஞ்சி கொண்டுவந்தாள். ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். தன் கும்பாவில் ஒரு கல் உப்பு எடுத்துப் போட்டுக் கரைத்தாள்.

"நான் உப்பு சேத்து அஞ்சு வருசம் ஆச்சு," என்றாள்.

பிறகு, "இனிமே இங்க வராதீங்க," என்றாள்.

குடையை எடுத்துக் கொடுத்தாள்.

---

முப்பதாம் நாள். அடுத்த இதழ் அச்சுக்குப் போகிற நாள்.

தங்கப்பழம் ஆசிரமத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். காய் உடைக்க வராத இருபத்தெட்டு பேர் வீட்டுக்கும் போய் வந்திருந்தார். உருண்டையைச் சாக்கடையில் போட்டவர்கள் ஆறு பேர். இலையையும் இவரையும் சுத்தமாக மறந்துபோனவர்கள் பதினொரு பேர். ஊரை விட்டுப் போனவர்கள் நாலு. வாசலோடு திட்டி அனுப்பியவர்கள் மூன்று. மாலை போட்ட படம் நாலு வீட்டில்.

கீழ்ப்பாதி முடிந்துவிட்டது. தாளை உலகம்மாளிடம் நீட்டினார். உலகம்மாள் மேலும் கீழும் படித்தார். கோடு எதுவும் போடவில்லை.

மணி இரண்டு. நாலு மணிக்கு அச்சுக்காரர் வருவார்.

அப்போது கருத்தப்பாண்டி வந்தான். கையில் பெரிய தேங்காய். முகமெல்லாம் பல்.

"அண்ணாச்சி! பிள்ளை வீட்டுக்கு வந்துட்டா. வயித்துப் பிள்ளையும் நல்லா இருக்கு. உங்க வீட்டுக்குப் போனேன், இங்கன இருக்கீங்கன்னாவ."

தங்கப்பழத்துக்குக் கண் கலங்கியது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

"எல்லாம் உங்க எலைதான் அண்ணாச்சி. ஆறு நாள் உள்ள நின்னு வேலை செஞ்சிருக்கு. ஆஸ்பத்திரிக்காரங்க கடைசியில வந்து பேரை வாங்கிட்டாங்க. நோட்டைக் குடுங்க, பிள்ளை பேரை எழுதணும். அறுபத்து நாலு!"

உலகம்மாள் தன் பேனாவின் மூடியைக் கழற்றித் தங்கப்பழத்திடம் நீட்டினார்.

தங்கப்பழம் வாங்கிக்கொண்டார். நோட்டைப் பிரித்தார். அறுபத்து மூன்றாம் பெயருக்குக் கீழே பேனாவை வைத்தார்.

"ஆஸ்பத்திரியில எத்தன நாள் இருந்தா?"

"இருபத்தாறு நாளு."

"குளுக்கோஸ் ஏத்துனாங்களா?"

"அது எறங்கிக்கிட்டேதான் இருந்துச்சு."

"அதையும் எழுதட்டுமா?"

கருத்தப்பாண்டி சிரித்தான். "அதை எதுக்கு அண்ணாச்சி இதுல எழுதிக்கிட்டு? காய் உடைக்க வாரவங்க யாராவது அதையெல்லாம் உங்ககிட்ட வந்து சொல்லுவாங்களா?"

பேனா நகரவில்லை.

தங்கப்பழம் ஒரு பக்கம் பின்னால் புரட்டினார். இன்னொரு பக்கம் புரட்டினார். முதல் பக்கத்துக்கு வந்தார். முதல் பெயரில் விரலை வைத்தார். இரண்டாவது பெயரில் வைத்தார். பெருவிரல் ரேகைகள் வந்தன. விரல் மெதுவாக இறங்கிக்கொண்டே போனது.

உலகம்மாளின் கையில் இருந்த கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பேனாவை மூடி மேசையில் வைத்தார். நோட்டை இடுப்பில் செருகினார். குடையை எடுத்தார்.

"அண்ணாச்சி, காய்?" என்றான் கருத்தப்பாண்டி.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் உலகம்மாள். "நாலு மணிக்குக் கட்டுரை வேணும்."

தங்கப்பழம் அதற்குள் வாசலில் இறங்கிவிட்டார்.

"மேல்பாதியை இன்னும் கேட்டு எழுதலைம்மா."